பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் இசையில் மிக நீண்ட காலம் பாடிவரும் குழுக்களில் ஒன்றான ‘பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா’ பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எண்பது ஆண்டுகளைத் தாண்டிய குழு என்று எழுதியிருந்தீர்கள். எங்கே, யாரால் தொடங்கப்பட்டது?

அலபாமா மாநிலத்தில் டல்லடேகா என்ற ஊரில் காது கேளாத, பார்வையற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. இனவாரியாகப் பிரித்துவைத்த காலம் அது. அங்கே படித்த கிளாரன்ஸ் ஃபவுண்டன், ஜார்ஜ் ஸ்காட், வெல்மா டிரெய்லர், ஜானி ஃபீல்ட்ஸ், ஓலிஸ் தாமஸ் ஆகிய பார்வையற்ற சிறுவர்களும், பார்வையுள்ள ஜே.டி. ஹட்டனும் 1939-ல் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். ஃபவுண்டனுக்கு அப்போது பத்து வயதுதான். குழுவுக்கு முதலில் வைத்த பெயர் ‘ஹேப்பி லேண்ட் ஜூபிலி சிங்கர்ஸ்’.

அவர்களுக்குக் குரு வானொலிப் பெட்டி. விர்ஜினியாவின் நார்ஃபோக் நகரில் 1934-ல் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘கோல்டன் கேட் குவார்ட்டெட்’ அப்போது நாடு முழுக்கப் பிரபலம். கத்தல் இல்லாமல், வாத்தியம் இல்லாமல், சொற்களையே தாளமாக உதிர்த்துப் பாடும் பாணி அது. டல்லடேகா சிறுவர்கள் அதைக் கேட்டுக் கேட்டே தங்கள் குரல்களைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பக்கத்து ராணுவ முகாம்களில் சிப்பாய்களுக்குப் பாடிக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார்கள். 1944 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாம் நகரின் டபிள்யூ.எஸ்.ஜி.என். வானொலியில் பாடினார்கள். தொழில்முறைப் பாடகர்களாக அவர்களுடைய முதல் நாள் அதுதான். மறு ஆண்டே பள்ளியை விட்டு வெளியேறிவிட்டார்கள்.

அன்றைய பார்வையற்றோர் பள்ளிகளில் கற்றுத்தந்த தொழில்கள் பெரும்பாலும் துடைப்பம் கட்டுவது, நாற்காலி பின்னுவது போன்றவை. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பையன்கள் எடுத்த முடிவு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

கேள்வி: பழைய இசைத்தட்டுகளில் ‘ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. மிசிசிப்பி என்றும் ஒரு குழு இருக்கிறதாமே? எது யாருடையது?

இரண்டும் தனித்தனிக் குழுக்கள். மிசிசிப்பி குழு அந்த மாநிலத்தின் பைனி வுட்ஸ் பள்ளியில் உருவானது. அதன் முன்னணிப் பாடகர் ஆர்ச்சி பிரௌன்லீ. 1948-ல் நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் இரு குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றி, ‘பார்வையற்ற பையன்களின் போட்டி’ என்று விளம்பரம் செய்தார். கூட்டம் அலைமோதியது. அதற்குப் பிறகு இரு குழுக்களுமே பழைய பெயரை விட்டுவிட்டு, விளம்பரத்தில் வந்த பெயரையே வைத்துக்கொண்டன. குழப்பம் அங்கிருந்து தொடங்குகிறது.

அடையாளம் காண எளிய வழி, 1950களின் தட்டு என்றால் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். ‘பீகாக்’ என்றிருந்தால் மிசிசிப்பி. ‘ஸ்பெஷால்டி’ என்றிருந்தால் அலபாமா. 1953 முதல் 1957 வரை அவர்கள் அங்கே பதிவு செய்தார்கள். தட்டின் சீட்டு கிழிந்திருந்தால் காதைத்தான் நம்ப வேண்டும். உச்சஸ்தாயியில் அலறலாக வெடித்து, அதே மூச்சில் மறுபடி மெட்டுக்குள் வந்து இறங்குகிற குரல் பிரௌன்லீயுடையது. ஃபவுண்டனின் குரல் கனமானது. அடித்தொண்டையில் உறுமலாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். பிரௌன்லீ 1960-ல் இறந்துவிட்டார், அதனால் அதற்குப் பிந்தைய பதிவுகளுக்கு இந்தச் சோதனை உதவாது. பிற்காலத்தில் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போன பாடகர்களும் உண்டு.

கேள்வி: குரல்கள் நான்கு என்கிறார்கள். மேடையிலோ ஐந்து, ஆறு பேர். யார் எதைப் பாடுகிறார்கள்?

இந்த இசையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அடியில் பேஸ், அதற்கு மேல் பாரிடோன், அதற்கும் மேல் மெட்டைப் பாடும் லீட், உச்சியில் டெனர். இது அடிப்படை அடுக்கு. கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. சி மேஜர் கார்டை நம் சுரத்தில் ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கீழே ச-வில் நிற்கும். லீட் நடு ச-வில் இருந்தால் டெனர் அதற்கு மேலுள்ள க-வைப் பிடிக்கும், பாரிடோன் கீழே ப-வை எடுத்துக்கொள்ளும். மெட்டு நகர்ந்து லீட் க-வுக்குப் போய்விட்டால் டெனர் ப-வுக்கு ஏற வேண்டும். பாரிடோன் ச-வுக்கு வந்துவிட வேண்டும். அதாவது, மற்ற மூவரும் விட்டுவைத்த சுரம் எதுவோ அதுதான் பாரிடோனுடைய வேலை. அவருடைய பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் மெட்டே இல்லாதது போலிருக்கும். அவர் தவறினால் கார்டு ஓட்டையாகிவிடும். இந்தக் குழுக்களில் மாற்று ஆள் கிடைக்க மிகவும் சிரமமான இடம் அதுதான். கைத்தட்டல் கிடைக்காத இடமும் அதுதான்.

இனி ஐந்தாவது ஆள். 1930களின் பாணியில் லீட் மெட்டை விட்டு அதிகம் விலகமாட்டார், நால்வர் போதும். பிறகு லீட் பாடகர் சொந்தமாகச் சொற்களைச் சேர்த்து, தாளத்துக்குப் பிந்தியும் முந்தியும் பாடத் தொடங்கியபோது பின்பாட்டில் ஒரு குரல் குறைந்துபோனது. டெக்சஸில் தோன்றிய ‘சோல் ஸ்டிரர்ஸ்’ குழு, ஆர்.எச். ஹாரிஸ் காலத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. இரண்டு லீட் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சுதந்திரமாகப் போகும்போது மற்றவர் பின்பாட்டில் சேர்ந்து நான்கு குரலையும் நிரப்புவார். முதல்வர் அமைதியாகக் கதையைச் சொல்லிவைப்பார், அடுத்தவர் சூடேற்றுவார். அலபாமா குழுவும் இந்த முறையைத்தான் கைக்கொண்டது.

சூடேறிய பிறகு வருவது ‘வேம்ப்’. பின்பாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று சொற்களை ஒரே கார்டில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதன் மேல் லீட் நினைத்தபடி பாடுவார். நேரில் இது பத்து நிமிடம்கூடப் போகும். ஆனால் பத்து அங்குல 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். சூடு பிடிக்கும் நேரத்தில் தட்டு முடிந்துவிடும். சில பாடல்களை ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று இரண்டு பக்கத்திலும் பதிந்தது இதனால்தான். பழைய தட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு இவர்களை எடைபோடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: ஒருவரையொருவர் பார்க்க முடியாதவர்கள் எப்படிச் சரியாக ஒரே நேரத்தில் தொடங்கி முடிக்கிறார்கள்?

மூச்சைக் கேட்டு. பாடுவதற்கு முன் ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் வேகமே அடுத்து வரும் பாட்டின் வேகத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் நெருங்கி நின்றால் இது தெளிவாகக் கேட்கும். பார்வையுள்ள குழுக்களிலும் நல்ல குழுக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. முடிக்கும்போது லீட் கடைசி வரிக்கு முந்தைய வரியை இழுத்துப் பாடுவார், அதுவே அறிவிப்பு.

மேடைக்கு வரும்போது முன்னால் போகிறவரின் தோளில் கைவைத்து வரிசையாக வருவார்கள். ஜிம்மி கார்ட்டர் பாடிய காலத்தில், பாட்டு உச்சத்துக்குப் போனதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அரங்கத்துக்குள் இறங்கி நடப்பார். மைக் கையில் இருக்கும், பாட்டு நிற்காது. பின்பாட்டுக்காரர்கள் மேடையிலேயே அந்த இரண்டு மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் வேகம் கூடாமல் அதை நடத்துவது சாமானியமல்ல.

கேள்வி: அந்த ஜிம்மி கார்ட்டர், அமெரிக்க அதிபராக இருந்தவரா?

இல்லை. பெயர் மட்டும் ஒன்று. இவர் டல்லடேகா பள்ளியில் அந்தச் சிறுவர்களுடன் படித்தவர். மற்றவர்கள் பள்ளியை விட்டு ஊர் ஊராகப் பாடப் போனபோது, வயது போதாது என்று இவருடைய தாயார் அனுப்பவில்லை. பிறகு மிசிசிப்பி குழுவில் பாடினார். 1980களில் அலபாமா குழுவில் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் முகமாகவே ஆனார்.

கேள்வி: சாம் குக் போன்றவர்கள் காஸ்பலை விட்டுப் போய்ப் பெரும் புகழ் பெற்றார்களே, இவர்கள் ஏன் போகவில்லை?

சாம் குக் சோல் ஸ்டிரர்ஸ் குழுவின் லீட் பாடகர். ஸ்பெஷால்டி நிறுவனத்தில் இவர்களுடைய சமகாலத்தவர். 1957-ல் காதல் பாடலுக்கு மாறி, ஒரே ஆண்டில் நாடறிந்த நட்சத்திரமானார். அப்படி மாறும் வாய்ப்பு ஃபவுண்டன் குழுவுக்கும் வந்தது. ஏற்கவில்லை. கடவுளுக்கென்று கொடுத்த குரல் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

அந்த முடிவுக்குப் பெரிய விலை கொடுத்தார்கள். 1960களில் சோல் இசை எழுந்தபோது கேட்பவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், வருமானம் சுருங்கியது. ஃபவுண்டனே 1969-ல் தனியாகப் பாட வெளியேறி, 1970களின் பிற்பகுதியில்தான் திரும்பி வந்தார். இன வேறுபாட்டுச் சட்டங்கள் இருந்த ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களில் பயணம் செய்த கறுப்பினப் பாடகர்கள் தங்க ஓட்டல் கிடைக்காமல் சபை மக்களின் வீடுகளில் தங்கினார்கள். உணவகத்தின் பின்வாசலில் சாப்பாடு வாங்கினார்கள். இத்தனையும் பட்டும் மாறாமல் நின்றார்கள் என்பதைச் சேர்த்துத்தான் அந்த உறுதியை மதிப்பிட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது எப்படி?

ஒரு நாடகத்தால். பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிபஸ் நாடகங்களில் ஒன்றை லீ பிரூயரும் பாப் டெல்சனும் கறுப்பினத் தேவாலய ஆராதனை வடிவில் மாற்றி, ‘தி காஸ்பல் அட் கொலோனஸ்’ என்று 1983-ல் நியூயார்க்கின் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்கில் அரங்கேற்றினார்கள். கண்ணிழந்த மன்னன் ஈடிபஸாக ஃபவுண்டனும் குழுவினரும் சேர்ந்தே பாடினார்கள். மார்கன் ஃப்ரீமனும் அதில் நடித்தார். 1988-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வே வரை போனது. தேவாலயத்துக்கு வெளியே உள்ள ஒரு கூட்டம் இவர்களை முதன்முதலாகக் கேட்டது அங்கேதான்.

1994-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. 2001-ல் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பிரிட் ஆஃப் தி செஞ்சுரி’ அமெரிக்க இசைத்துறையின் பெரிய விருதான கிராமியை முதன்முதலாகத் தந்தது. பள்ளிச் சிறுவர்களாகத் தொடங்கியவர்களுக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. அதே தொகுப்பில் உள்ள, டாம் வெயிட்ஸ் எழுதிய ஒரு பாடல் ‘தி வயர்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்துக்கு முகப்புப் பாட்டானது. 2009-ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமியும் வந்தது.

கேள்வி: ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை இவர்கள் வேறு ஏதோ மெட்டில் பாடுகிறார்கள். அது எப்படிப் பொருந்துகிறது?

‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்ற நாட்டுப்புறப் பாடலின் மெட்டு அது. பொருந்துவதற்குக் காரணம் அசைக்கணக்கு. ஜான் நியூட்டன் எழுதி 1779-ல் அச்சான அந்தப் பாட்டின் வரிகள் 8, 6, 8, 6 அசை என்ற கட்டில் உள்ளன. ஆங்கிலத் தேவாலயப் பாடல்களில் மிகச் சாதாரணமான கட்டு இது. அந்த நாட்டுப்புறப் பாடலும் ஏறத்தாழ இதே அளவில் நடக்கிறது. இன்று நாம் கேட்டுப் பழகிய மெட்டுகூடப் பாட்டோடு பிறந்ததல்ல; 1835-ல்தான் ஒரு பாடல் புத்தகத்தில் இரண்டும் சேர்ந்தன.

இதை நீங்களே பாடிப் பார்க்கலாம். செய்யும்போது இரண்டு தவறுகள் நேரும். பழைய மெட்டு மேஜர், இது மைனர், அதாவது க அரைச்சுரம் தாழ்ந்து வரும்; பழக்க தோஷத்தில் க-வை உயர்த்திவிடுவோம், கார்டு கெட்டுவிடும். அடுத்தது, ஆறசை வரியின் கடைசி அசையை முழுதாக நீட்டாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவோம். அந்த நீட்டலில்தான் பின்பாட்டுக்கு இடம் இருக்கிறது.

மைனரில் கேட்கும்போது அந்தச் சொற்களின் நிறமே வேறாகிறது. மன்னிப்புக் கிடைத்தவனின் மகிழ்ச்சியைவிட, அவன் கடந்துவந்த இருட்டு முன்னால் வந்து நிற்கிறது. அவர்களுடைய பதிவுகளில் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வோம்.

கேள்வி: தொடங்கியவர்கள் யாரும் இப்போது இல்லை. பிறகும் அதே குழு என்று சொல்வது நியாயமா?

நியாயம் என்றே நினைக்கிறோம். வெல்மா டிரெய்லர் 1947-லேயே ஒரு துப்பாக்கி விபத்தில் இறந்துவிட்டார். அப்போதே ஆள் மாற்றம் தொடங்கிவிட்டது. ஜார்ஜ் ஸ்காட் 2005-லும் ஃபவுண்டன் 2018-லும் மறைந்தார்கள். ஒவ்வொரு முறையும் காலியானது ஒரு குரலின் இடம். அந்த இடத்துக்கு வந்தவர், மீதி இருந்தவர்களோடு ஆண்டுக்கணக்கில் நின்று பாடித்தான் அதைக் கற்றுக்கொண்டார். இப்போது குழுவை நடத்தும் ரிக்கி மெக்கின்னி முதலில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தவர். இளவயதில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். ஃபவுண்டன், ஸ்காட் இருவரோடும் ஆண்டுக்கணக்கில் மேடை ஏறியவர். பெயரை மட்டும் விலைக்கு வாங்கிப் புது ஆட்களை நிறுத்தும் குழுக்களும் இந்த உலகில் உண்டு. அவற்றில் இந்தக் கைமாற்றம் நடப்பதில்லை. வேறுபாடு அங்கேதான்.

ஆனால் ஒலி மாறவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1940களில் வாத்தியமில்லாத நளினப் பாணி. 1950களில் கிடார், டிரம்ஸோடு கூடிய உரத்த பாணி. 2000-க்குப் பிறகு புளூஸ் கலைஞர்கள் சூழ்ந்த பாணி. மின்சார பேஸ் கிடார் வந்தபின் பேஸ் குரலின் வேலை குறைந்துபோனது ஓர் இழப்புதான். 2023-ல் வந்த ‘எக்கோஸ் ஆஃப் தி சவுத்’ தொகுப்புக்கு, 1944-ல் அவர்கள் பாடிய வானொலி நிகழ்ச்சியின் பெயரையே வைத்தார்கள். அதற்கும் கிராமி கிடைத்தது.

கேள்வி: இதைவிடப் பழைய குழு உண்டா?

உண்டு. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ‘ஜூபிலி சிங்கர்ஸ்’ 1871-லிருந்து பாடுகிறார்கள். ஆனால் அது மாணவர் குழு, தலைமுறைதோறும் மாறும். அதே நகரின் ‘ஃபேர்ஃபீல்ட் ஃபோர்’ 1921-ல் தொடங்கியது. ‘டிக்சி ஹம்மிங்பேர்ட்ஸ்’ 1928-ல்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஒரு சபையில் பாடுகிறோம். இந்தப் பாணியில் பழக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

வாத்தியம் இல்லாமல் தொடங்குங்கள். எல்லோருக்கும் மனப்பாடமான, மூன்று கார்டுக்குள் அடங்கும் ஒரு பாட்டு போதும். சுருதியை லீட் பாடகரின் வசதிக்கு வைக்காதீர்கள். பேஸ் பாடுகிறவர் தெளிவாகப் பாடக்கூடிய கடைசிச் சுரத்தைக் கண்டுபிடித்து, பாட்டின் மிகக் கீழான சுரம் அதைவிட ஒரு முழுச்சுரமாவது மேலே இருக்கும்படி வையுங்கள். அடித்தளம் காற்றாகிப் போனால் மேலே எதுவும் நிற்காது.

முதலில் லீடும் பேஸும் மட்டும் பாடட்டும். அது உறுதியானதும் டெனரைச் சேருங்கள். பாரிடோன் கடைசி, ஏனென்றால் மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவருடைய இடம் தெரியும். அரைவட்டமாக, தோள் உரசும் தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டு பாடிப் பாருங்கள்.

முதலில் வரும் கோளாறு சுருதி இறங்குவது. பாட்டு முடிந்ததும் தொடங்கிய சுரத்தை வாத்தியத்தில் தொட்டுப் பாருங்கள், அரைச்சுரம் இறங்கியிருக்கும். வரி முடிவில் மூச்சுக் குறைவதும், ஒரே சுரத்தைத் திரும்பப் பாடும்போது அது தொய்வதும், இறங்கும் படிகளைப் பெரிதாகவும் ஏறும் படிகளைச் சிறிதாகவும் எடுப்பதும்தான் காரணம். ஐந்து பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கினால் பாதி சரியாகிவிடும்.

அடுத்தது க. தூய ஒத்திசைவில் மேஜர் க, பியானோவின் க-வைவிடச் சற்றுக் கீழே, அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கி இருக்கும். அந்த இடம் கிடைத்ததும் கார்டு அதிர்வதை நிறுத்தி ஒன்றாக ஒலிக்கும். கிடாரோடு பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

உயிரெழுத்துகளை ஒரே வாயமைப்பில் ஒலியுங்கள். சொல் ‘ஸ்’ என்று முடிந்தால் ஒருவர் மட்டும் அதை உச்சரித்தால் போதும்; ஐவரும் சொன்னால் சீறலாகக் கேட்கும். கைதட்டல் இரண்டாம், நான்காம் அடியில் விழ வேண்டும். முதல் அடியில் தட்டினால் பாட்டு அணிவகுப்பு நடைக்குப் போய்விடும். வேம்ப்பில் வேகம் கூடத்தான் செய்யும். லீடின் உற்சாகத்தைப் பின்பாட்டுக்காரர்கள் துரத்துவதால் வருவது அது. அவர்கள் குதிகாலால் தரையில் தாளம் பிடித்துக்கொள்ளட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் பாடுவதைவிட முக்கால் மணி வீதம் மூன்று நாள் பாடுவது நல்லது. பதிவு செய்து கேட்கும்போது கருவிக்கு மிக அருகில் லீட், அடுத்து பேஸ், ஓரடி பின்னால் டெனர் நிற்கட்டும். உயர்ந்த குரல் தானாகவே முன்னால் வரும். நான்கு குரலும் தள்ளாடாமல் நிற்கும்வரை இரண்டாவது லீடை உருவாக்கும் வேலையில் இறங்க வேண்டாம். அதுவரை ஐந்தாமவர் லீடோடு சேர்ந்தே மெட்டைப் பாடட்டும்.